நிலைமையை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? டெல்டா வாசகர்களுக்கான கேள்வி-பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நமக்கு ஆங்கிலம் தேவைப்படுவது பெரும்பாலும் நெருக்கடியான நேரத்தில்தான். காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல், வங்கிக்கு அவகாசக் கடிதம், சிங்கப்பூர் சூப்பர்வைசரிடம் போனில் லீவு, சென்னையில் நேர்காணல் என்று வரும்போது 'நிலைமை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தடுமாறுகிறோம். அந்தத் தடுமாற்றத்தில் எழும் கேள்விகள் இவை. ஆங்கிலச் சொற்களை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். எழுதும்போது எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

'சிச்சுவேஷன்', 'சர்க்கம்ஸ்டன்ஸஸ்', 'கண்டிஷன்' மூன்றும் நிலைமைதானே? எதை எங்கே போடுவது?

வயல் நிலைமை, அப்பாவின் நிலைமை, ஊர் நிலைமை, கடன் நிலைமை என்று தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் ஓடும். ஆங்கிலத்தில் ஓடாது. ஒரு பொருளோ உடம்போ எப்படி இருக்கிறது என்றால் 'கண்டிஷன்': மோட்டார், டிராக்டர், சாலை, பயிர், நோயாளி. ஓர் இடத்தில் இப்போது நடந்துகொண்டிருப்பது மொத்தமும் 'சிச்சுவேஷன்'. நம்மை இந்த முடிவுக்குத் தள்ளிய பின்னணியும் காரணங்களும் 'சர்க்கம்ஸ்டன்ஸஸ்'.

மன்னார்குடிப் பக்கம் ஒரு சம்பா வயல் மழையில் மூழ்கியது என்று வையுங்கள். நெல் அழுகத் தொடங்கியது பயிரின் 'கண்டிஷன்'. வடிகால் அடைத்து, இன்னும் இரண்டு நாள் மழை இருக்கிறது என்ற அறிவிப்பும் வந்து ஊரே கைபிசைந்து நிற்பது 'சிச்சுவேஷன்'. நகையை அடகு வைத்து நடவு செய்தது, காப்பீட்டுப் பிரீமியம் கட்டும் கடைசித் தேதியைத் தவறவிட்டது எல்லாம் அந்தக் குடும்பத்தின் 'சர்க்கம்ஸ்டன்ஸஸ்'.

ஒருமை, பன்மையிலும் கவனம் வேண்டும். 'சர்க்கம்ஸ்டன்ஸ்' பெரும்பாலும் பன்மையில்தான் வரும். 'கண்டிஷன்' ஒரு பொருளுக்கு ஒருமை. சுற்றுச் சூழலைச் சொன்னால் பன்மை. 'வெதர் கண்டிஷன்ஸ்', 'லிவிங் கண்டிஷன்ஸ்', 'வொர்க்கிங் கண்டிஷன்ஸ்' எல்லாம் அப்படித்தான்.

முன்னால் 'இன்' வருமா, 'ஆன்' வருமா, 'அண்டர்' வருமா?

'இன் திஸ் சிச்சுவேஷன்' மட்டுமே சரி, 'ஆன்' வேண்டாம். 'சர்க்கம்ஸ்டன்ஸஸ்' முன்னால் 'இன்', 'அண்டர்' இரண்டும் வரும். 'இன் குட் கண்டிஷன்' என்றால் நல்ல நிலையில் இருக்கிறது. அதுவே 'ஆன் கண்டிஷன் தட்' என்று மாறினால் 'இந்த நிபந்தனையின் பேரில்' என்று பொருள். ஓர் எழுத்து மாறினாலும் ஒப்பந்தத்தின் பொருளே மாறிவிடும், ஆகவே குத்தகைப் பத்திரத்தை ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும்.

எந்த நிலையிலும் கூடாது என்று சொல்ல 'அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்ஸஸ்'. இதை வாக்கியத்தின் தொடக்கத்தில் போட்டால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும்: 'அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்ஸஸ் ஷுட் யூ டச் எ ஃபாலன் வயர்.' புயலுக்குப் பிறகு அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடவே கூடாது என்பது இதன் பொருள். 'யூ ஷுட்' என்று எழுதுவதுதான் இங்கே எல்லோரும் செய்கிற பிழை.

தமிழில் தினமும் பேசுகிற ஆங்கிலச் சொற்களையே ஆங்கிலத்தில் பேசினால் போதாதா?

வம்பே அங்கேதான். அந்தச் சொற்கள் தமிழுக்கு வந்த பிறகு வேறு பொருள் எடுத்துக்கொண்டன.

'தாத்தா சீரியஸா இருக்கார்' என்றால் நமக்கு உயிருக்குப் போராடுகிறார் என்று பொருள். 'மை கிராண்ட்ஃபாதர் இஸ் சீரியஸ்' என்று சூப்பர்வைசரிடம் சொன்னால், தாத்தா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். 'சீரியஸ்லி இல்' அல்லது 'இன் எ சீரியஸ் கண்டிஷன்' என்று சொல்லுங்கள்.

'ஐ ஆம் டென்ஷன்' தவறு. 'ஐ ஆம் டென்ஸ்' அல்லது 'ஐ ஆம் ஸ்ட்ரெஸ்டு'. 'கண்டிஷனா சொல்லிட்டார்' என்பதற்கு 'ஹி வாஸ் வெரி ஸ்ட்ரிக்ட் அபவுட் இட்'. 'எனக்குக் கஷ்டமா இருக்கு' என்று நினைத்து 'ஐ ஆம் டிஃபிகல்ட்' என்றால், 'என்னைச் சமாளிப்பது கடினம்' என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ' என்பதே சரி. 'நாளைக்கு எனக்கு வசதிப்படாது' என்பதும் இதே போலத்தான்: 'டுமாரோ இஸ் நாட் கன்வீனியன்ட் ஃபார் மீ'; 'ஐ ஆம் நாட் கன்வீனியன்ட்' கிடையாது.

'அவசரம்' மூன்றாகப் பிரியும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள் என்றால் 'ஐ ஆம் இன் எ ஹர்ரி'. ஒரு வேலை இன்றே முடிய வேண்டும் என்றால் 'இட் இஸ் அர்ஜென்ட்'. உயிருக்கோ வீட்டுக்கோ ஆபத்து என்றால் 'இட் இஸ் அன் எமர்ஜென்சி'. 'ஐ ஆம் அர்ஜென்ட்' என்று ஒன்று ஆங்கிலத்தில் இல்லை.

மருத்துவமனையில் 'ஸ்டேபிள்' என்கிறார்களே, தேறிவிட்டார் என்று பொருளா?

இல்லை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருக்கின்றன என்பதுதான் பொருள். 'கிரிட்டிகல் பட் ஸ்டேபிள்' என்று சேர்த்தே சொல்வார்கள். ஆபத்து நீங்கவில்லை, ஆனால் இப்போதைக்கு மோசமாகவும் இல்லை. ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்பதற்கு 'அவுட் ஆஃப் டேஞ்சர்'. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குச் செய்தி சொல்லும்போது மருத்துவர் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கள், உங்கள் மனதுக்குப் பட்டபடி மாற்ற வேண்டாம்.

வயலில் தண்ணீர் நிற்பதற்கு 'ஃப்ளட்' என்று மட்டும் எழுதினால் போதுமா?

போதாது. இந்த இடத்தில் சொல் துல்லியமாக இருந்தால்தான் பார்வையிட வருபவர் எதைப் பார்க்க வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவார்.

'ஃப்ளடட்' பொதுச்சொல்: வெள்ளம் புகுந்தது, அவ்வளவுதான். 'இனண்டேட்டட்' அரசு அறிக்கைகளில் வரும் சொல், பெரிய பரப்பை நீர் சூழ்ந்துகொண்டதைக் குறிக்கும். 'சப்மெர்ஜ்டு' என்றால் பயிர் நீருக்குள் மூழ்கிவிட்டது. நுனி தெரிந்தால் 'பார்ஷியலி சப்மெர்ஜ்டு', தெரியாவிட்டால் 'கம்ப்ளீட்லி சப்மெர்ஜ்டு'. 'வாட்டர்லாக்டு' என்றால் மண் குடித்தது போக நீர் வடியாமல் வேர் ஊறி நிற்பது.

நெல் வயலில் நீர் நிற்பது இயல்பு. நடவுக்குப் பிறகு 5 சென்டிமீட்டர் வரை நீர் நிறுத்துவது வழக்கமான பரிந்துரைதான். அதனால் 'ஸ்டாண்டிங் வாட்டர் இன் தி ஃபீல்டு' என்று எழுதினால் யாருக்கும் சேதம் தெரியாது. நெல்லுக்கு மூழ்கிய ஆழத்தையும் நாளையும் எழுத வேண்டும். அதே நீர், சம்பா அறுவடைக்கு முன் வயலில் தெளித்த உளுந்து, பயறில் தேங்கினால் 'வாட்டர்லாக்டு' என்ற ஒரு சொல்லே இழப்பைச் சொல்லிவிடும்.

காற்றிலும் மழையிலும் கதிரோடு சாய்ந்த பயிர் 'லாட்ஜ்டு'. தங்கும் லாட்ஜ் நினைவு வந்தாலும் வேளாண்மையில் புழங்கும் சரியான சொல் இதுதான். சாய்ந்த கதிர் ஈரத்தில் முளைவிட்டால் 'ஸ்ப்ரவுட்டட்', மணி நிறம் மங்கினால் 'டிஸ்கலர்ட்', பால் கட்டாமல் சுருங்கினால் 'ஷ்ரிவல்டு'. கொள்முதல் தர விதிகளிலும் இதே சொற்கள்தான். அங்கே ஈரப்பதத்துக்கு 'மாய்ஸ்ச்சர் கன்டென்ட்' என்று பெயர், வழக்கமான வரம்பு 17 சதவீதம்.

தென்னைக்கும் இதே கதை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி தோப்புகளில் சில மரங்கள் வேரோடு சாய்ந்தன, சில நடுவில் முறிந்தன. முதலாவது 'அப்ரூட்டட்', இரண்டாவது 'ஸ்னாப்டு'. இரண்டையும் 'டேமேஜ்டு' என்று எழுதினால் மட்டை ஒடிந்து பிழைத்துக்கொண்ட மரத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

ஆற்றங்கரைக்கு: உடைப்பு எடுத்தால் 'பிரீச்', கரை மேல் வழிந்தால் 'ஓவர்டாப்பிங்', கசிந்தால் 'சீபேஜ்'. கொள்ளிடத்தில் உபரி நீர் வரும்போது திட்டு கிராமத்துக்குச் சாலை துண்டாகிவிட்டால் அந்த ஊர் 'கட் ஆஃப்'. அங்கே மாட்டிக்கொண்ட ஆட்கள் 'ஸ்ட்ராண்டட்'.

பயிர் இழப்பை ஆங்கிலத்தில் எழுத ஒரு மாதிரி தர முடியுமா?

முதலில் 'தி சிச்சுவேஷன் இஸ் வெரி பேட்' என்று தொடங்குவதை விட்டுவிடுங்கள். அதைப் படிப்பவரால் எந்தக் கட்டத்தையும் நிரப்ப முடியாது. வருவாய் கிராமம், சர்வே எண், பயிர், அதன் வயது, என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை நாள் மூழ்கியது, மொத்தப் பரப்பில் எவ்வளவு பாதிப்பு, என்ன கேட்கிறீர்கள் என்ற வரிசையில் போனால் போதும். நடுப்பகுதி இப்படி வரும்:

'ஹெவி ரெயின் ஆன் 24 நவம்பர் ஃப்ளடட் மை ஃபீல்டு. தி பேடி கிராப் இஸ் 40 டேஸ் ஓல்டு. இட் ஹேஸ் பீன் கம்ப்ளீட்லி சப்மெர்ஜ்டு ஃபார் சிக்ஸ் டேஸ். டூ ஏக்கர்ஸ் அவுட் ஆஃப் த்ரீ ஆர் அஃபெக்டட்.'

இதில் பிழை விழும் இடம் 'ஹேஸ் பீன்'. ஆறு நாளாக மூழ்கி இன்னும் மூழ்கியே இருந்தால் 'ஹேஸ் பீன் ... ஃபார் சிக்ஸ் டேஸ்'. 'இஸ் சப்மெர்ஜ்டு சின்ஸ் சிக்ஸ் டேஸ்' என்று எழுதுவது நம் பக்கம் மிகப் பரவலான தவறு. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய நாளுக்கு 'சின்ஸ்'. நீர் வடிந்துவிட்டது என்றால் 'வாஸ் சப்மெர்ஜ்டு ஃபார் சிக்ஸ் டேஸ்'.

அளவை மா கணக்கில் எழுத வேண்டாம். நம் வழக்கில் 3 மா ஏறத்தாழ 1 ஏக்கர். ஒரு வேலி 20 மா, சுமார் 6.67 ஏக்கர். படிவம் ஹெக்டேரில் கேட்டால் ஏக்கரை 2.47-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். சேதத்தைச் சதவீதத்தில் சொல்வது இன்னும் முக்கியம். மாநிலப் பேரிடர் நிவாரண விதிப்படி இடுபொருள் மானியத்துக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் இழப்பு இருக்க வேண்டும். 'சம் டேமேஜ்' என்ற சொல் அங்கே எதற்கும் உதவாது. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, அறுத்துக் காயப்போட்ட கதிர் நனைதல் போன்றவற்றை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால் நடந்த தேதியோடு நேரத்தையும் எழுதிவிடுவது நல்லது.

அனுப்பிய பிறகு விசாரிக்க 'சிச்சுவேஷன்' வேண்டாம்: 'வாட் இஸ் தி ஸ்டேட்டஸ் ஆஃப் மை கிளெய்ம்?' விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு 'ஸ்டேட்டஸ்'தான்.

காவிரிச் செய்திகளில் 'டிஸ்ட்ரெஸ்', 'டெஃபிசிட்', 'ஷார்ட்ஃபால்' என்று மாறி மாறி வருகிறதே?

மூன்றும் பற்றாக்குறைதான், ஆனால் வழக்காடும் இடத்தில் வேறுவேறு. 'டெஃபிசிட்' வெறும் கணக்கு: வழக்கமான அளவைவிட எவ்வளவு குறைவு. 'ஷார்ட்ஃபால்' வந்திருக்க வேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம். 'டிஸ்ட்ரெஸ்' மழை பொய்த்து எல்லோருக்கும் நீர் குறையும் காலத்தின் பெயர். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி) என்று சொன்னது சாதாரண ஆண்டுக்கு, அதாவது 'நார்மல் இயர்'. 'டிஸ்ட்ரெஸ் இயர்' என்றால் இருப்பதை அந்தந்த மாநிலத்தின் பங்குக்கு ஏற்ற விகிதத்தில் குறைத்துப் பகிர்வது. அதற்கு 'ப்ரோ ராட்டா' என்று பெயர். தகராறு முழுவதும் இந்த ஆண்டு எந்த வகை ஆண்டு என்பதில்தான் சுழல்கிறது.

மேட்டூர்ச் செய்தியில் 'இன்ஃப்ளோ' நீர்வரத்து, 'டிஸ்சார்ஜ்' வெளியேற்றம், 'சர்ப்ளஸ்' உபரி. கனஅடி ஓட்டத்தின் வேகம், டிஎம்சி கொள்ளளவு. ஒரு நாள் முழுவதும் விநாடிக்கு 11,574 கனஅடி ஓடினால் 1 டிஎம்சி. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் பாதிச் செய்தியைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வானிலை அறிவிப்பில் 'ஹெவி', 'வெரி ஹெவி' என்பது பேச்சுக்குச் சொல்வதா?

கிடையாது, அளவு உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை 'ஹெவி', 115.6 முதல் 204.4 வரை 'வெரி ஹெவி', அதற்கு மேல் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. பருவமழை இயல்பைவிட 20 முதல் 59 சதவீதம் குறைந்தால் 'டெஃபிஷியன்ட்', 60 அல்லது அதற்கு மேல் குறைந்தால் 'லார்ஜ் டெஃபிஷியன்ட்'. காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் என்றால் 'டிப்ரஷன்', 50 முதல் 61 வரை 'டீப் டிப்ரஷன்', 62-இலிருந்து 'சைக்ளோனிக் ஸ்டார்ம்'. கடிதத்தில் இச்சொற்களைப் போட்டால் அந்த நாளின் அறிவிப்போடு பொருந்த வேண்டும். 70 மில்லிமீட்டர் மழைக்கு 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி' என்று எழுதினால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

'டைலமா', 'ப்ரெடிகமென்ட்', 'ப்ளைட்', 'க்ரைசிஸ்' எல்லாம் இக்கட்டுதானே?

இரண்டு வழி இருந்து, இரண்டும் கசந்தால் 'டைலமா'. ஈர நெல்லை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளுவதா, கொள்முதல் நிலையம் திறக்கும் வரை மழையில் படுதா போட்டுக் காப்பதா என்பது அசல் டைலமா. வழியே தெரியாமல் மாட்டிக்கொண்டால் 'ப்ரெடிகமென்ட்'. 'ப்ளைட்' பரிதாப நிலை, பிறரைப் பற்றிச் சொல்வது: 'தி ப்ளைட் ஆஃப் டெயில்-எண்ட் ஃபார்மர்ஸ்' என்றால் கடைமடை விவசாயிகளின் அவலம். சொந்த விண்ணப்பத்தில் 'மை ப்ளைட்' என்று எழுதினால் புலம்பலாக ஒலிக்கும். 'க்ரைசிஸ்' ஒரு குடும்பத்தின் சின்னச் சிக்கலுக்குப் பொருந்தாது. உடனே முடிவெடுக்காவிட்டால் எல்லாம் கைமீறும் என்ற கட்டத்துக்கு உரியது.

லீவு கடிதத்தில் 'டியூ டு அனவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்ஸஸ்' போடலாமா?

இலக்கணப்படி சரி. காரணத்தைச் சொல்ல விருப்பமில்லை என்பதை நாகரிகமாகச் சொல்லும் தொடர் அது. காரணத்தைச் சொல்ல முடிந்தால் சொல்லிவிடுவதே மேல்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும்போது ஊரில் புயல். சூப்பர்வைசரிடம் போனில் எப்படிச் சொல்வது?

எழுத்தில் வரும் பெரிய சொற்களை விட்டுவிடுங்கள். முதல் வாக்கியத்தில் செய்தி, இரண்டாவதில் வீட்டில் யாருக்கு என்ன, மூன்றாவதில் எத்தனை நாள் வேண்டும். 'சார், தேர் இஸ் எ சைக்ளோன் இன் மை டவுன். மை பேரன்ட்ஸ் ஆர் சேஃப், பட் தி ரூஃப் இஸ் கான். ஐ நீட் டென் டேஸ் லீவ்.' நம் வழக்கப்படி நலம் விசாரித்து, சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தால் அதற்குள் லைன் கட்டாகிவிடும். கூட வேலை செய்பவர் 'ஹவ் ஆர் திங்ஸ் அட் ஹோம்?' என்று கேட்டால் அது வீட்டு நிலைமையைக் கேட்பது. 'திங்ஸ் ஆர் கெட்டிங் பெட்டர்', 'ஸ்டில் நோ பவர்' என்று சின்னதாகப் பதில் சொல்லலாம்.

நேர்காணலில் 'டெல் மி அபவுட் எ டிஃபிகல்ட் சிச்சுவேஷன்' என்றால்?

'ஸ்டார்' என்று ஒரு முறை இருக்கிறது: சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்ஷன், ரிசல்ட். கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் முதல் பகுதியிலேயே மூன்று நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும். நீங்கள் செய்ததுக்குத்தான் மீதி நேரம், அதுவும் 'வி' இல்லாமல் 'ஐ' என்று சொல்லி. மழை நிவாரண முகாமில் உணவுப் பொட்டலம் சரியாகப் போகாததைச் சொல்கிறீர்கள் என்றால், எத்தனை தெரு, யார் பட்டியல் எடுத்தது, குழப்பம் எதனால், நீங்கள் மாற்றியது என்ன என்று போங்கள். 'தி சிச்சுவேஷன் வாஸ் வெரி வெரி டிஃபிகல்ட்' என்று சொல்லி நிறுத்தினால் அடுத்த கேள்வி 'ஹவ்?' என்றுதான் வரும்.

'வெரி பேட்' தவிர வேறு சொற்கள்?

பதற்றம் நிலவினால் 'டென்ஸ்', நம்பிக்கை குறைந்தால் 'கிரிம்', உதவி உடனே வேண்டும் என்றால் 'டைர்', எந்த நேரமும் மாறலாம் என்றால் 'வாலடைல்', தர்மசங்கடம் 'ஆக்வர்ட்', பார்த்துக் கையாள வேண்டியது 'டெலிகேட்'. மோசமாகிறது 'டிடீரியரேட்டிங்', தணிகிறது 'ஈஸிங்', கட்டுக்குள் இருக்கிறது 'அண்டர் கன்ட்ரோல்', கைமீறிவிட்டது 'அவுட் ஆஃப் ஹேண்ட்'.

உச்சரிப்பில் எங்கே தடுக்கும்?

'சிச்சுவேஷன்' என்பதில் அழுத்தம் 'வே'யில். 'சர்க்கம்ஸ்டன்ஸஸ்' என்பதில் முதல் அசையில். 'ப்ளைட்' என்பதில் ப-வை உதடு ஒட்டிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விமானமாகிவிடும். 'கடுமையான' என்பதற்கு 'சிவியர்' என்பதே சரி, 'செவர்' என்றால் வெட்டித் துண்டிப்பது. 'க்ரைசிஸ்' பன்மையில் 'க்ரைசீஸ்'. புயல் இடிபாடுகளுக்கு 'டெப்ரீ', கடைசி எழுத்தை ஒலிக்கக் கூடாது. வறட்சிக்கு 'ட்ரவுட்', 'ட்ராட்' என்றோ 'ட்ராஃப்ட்' என்றோ சொல்பவர்கள் உண்டு, அது 'அவுட்' போல முடியும்.